உள்ளங்காலால் கேட்கிறவர்

ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மற்றக் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார் தங்கதுரை. ஷெட்டின் வாசலில் கரும்பு டிராக்டர் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. அதன் டிரைவர் இறங்கி வந்து, பீடி பற்றவைத்து, பாதியில் அணைத்து, காதில் செருகிக்கொண்டும் ஆயிற்று. தங்கதுரைக்கு அவசரமில்லை. குளியல் சோப்பு ஒன்று தனியாக வைத்திருக்கிறார். துணி சோப்புப் போட்டால் தோல் காய்ந்துவிடுமாம். குதிகாலைத் தேய்த்து, விரலிடுக்குகளில் விரல் விட்டுக் கழுவி, துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். துடைத்த காலை மண்ணில் வைக்காமல் கோணிச் சாக்கின் மேல் வைத்து, அங்கிருந்து நேரே டிராக்டர் படிக்குத் தாவினார். மாப்பிள்ளை அழைப்பில்கூட ஒரு காலுக்கு இத்தனை மரியாதை நடந்திருக்காது.

ஏறி உட்கார்ந்து க்ளட்ச்சின் மேல் பாதத்தை வைத்தார். மெல்ல அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். வாய் மட்டும் எதையோ மெல்லுவதுபோல் அசைந்தது. பிறகு இறங்கி, "புஷ்ஷு ஒரு பக்கமா தேஞ்சிப் போயிக்கிது. பீச்சாங்கை பக்கம்," என்றார். டிரைவர் தலையாட்டினான். கழற்றியபோது பெடல் கீலின் உள்வளையம் இடது பக்கம்தான் தேய்ந்திருந்தது. கழற்றாமலே இருந்தாலும் அவன் தலையாட்டியிருப்பான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில், ஊர் முடிந்து கரும்புக் கொல்லை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது அந்த ஷெட். போர்டு கிடையாது. பெடல்காரர் என்றால் டவுன் பஸ் கண்டக்டரே இறக்கிவிடுவார். க்ளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் என்று காலுக்கு அடியில் இருக்கிற மூன்றைத் தவிர வண்டியில் வேறு எதையும் தங்கதுரை தொடுவதில்லை. யாராவது புகை வருகிறது என்று பானெட்டைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "இஞ்சினு கிஞ்சினெல்லாம் அந்தாண்ட முருகன் ஷெட்டுல கேளு. நான் முட்டிக்கு கீழதான்," என்பார்.

உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் வருஷக்கணக்கில் லாரி ஓட்டியவர். அப்போதே செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டுத்தான் ஓட்டுவார். "ஷூ போட்டுக்கினு வண்டி ஓட்றவன், கையுறை மாட்டிக்கினு சோறு துன்றவன்," என்பது அவருடைய அபிப்பிராயம். மற்றவர்கள் கண்ணால் பார்ப்பதையும் காதால் கேட்பதையும் இவர் உள்ளங்காலால் கேட்பார். அதற்காகவே தினமும் உள்ளங்காலைச் செங்கல்லில் உரசி, விளக்கெண்ணெய் தடவி, பாதத்தை வளர்த்துவந்தார். வெளியில் இறங்கினால் செருப்பில்லாமல் ஓரடி வைக்கமாட்டார். "தோலு தடிச்சிப்பூட்டா காது அடைச்சிக்கினா மாரி. அப்பறம் வண்டி இன்னா கத்தினாலும் கேக்காது." அடக்கம் என்பது அவருக்குப் பழக்கமில்லாத பண்டம். புதிதாக யார் வந்தாலும் காலை நீட்டிக் காட்டிவிடுவார், என்னவோ பதக்கம் காட்டுவதுபோல.

ஆனால் காட்டட்டுமே என்றுதான் நமக்குத் தோன்றும், அந்தக் கால் செய்த காரியங்களைக் கேட்டால். கல்வராயன் மலையிலிருந்து வாடகை ஜீப் ஒன்று வந்தது. பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது, பெடல் ரப்பர் மட்டும் மாற்றுங்கள் என்றார் டிரைவர். தங்கதுரை ஒரு முறை மிதித்துவிட்டு, "பின்னாடி சக்கரத்துல எண்ணெ கசியுது, இதை எடுத்துக்கினு எறங்காத," என்றார். டிரைவருக்குக் கோபம் வந்துவிட்டது. சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே ஈரம். அன்றைக்கு அந்த ஜீப்பில் மலையிறங்கக் காத்திருந்தவர்களில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியும் இருந்தாள் என்று பிறகு தெரிந்தது. இப்படி ஒன்றல்ல. பெடலின் தேய்மானத்தைத் தடவிப் பார்த்து ஓட்டுகிறவனின் குணத்தையும் சொல்லிவிடுவார். "இவன் பயந்தவன்பா. பிரேக்கு ரப்பரு ஒரு மூலையில மட்டும் தேஞ்சிருக்குது பாரு. காலு அங்கயே குந்திக்கினு இருக்குது." எதிரில் நிற்பவன்தான் அந்த டிரைவர் என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

ஷெட்டின் மற்றப் பாதி அவருடைய மனைவி பச்சையம்மாளுடையது. வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறவர். ரெக்சின் சுருள்களும் பஞ்சுப் பொதிகளும் நடுவே ஒரு கனத்த தையல் மெஷினும். மோட்டார் வைத்துக்கொள்ளலாம் என்று பலரும் சொல்லிவிட்டார்கள். காலால் மிதித்தால்தான் முனை திரும்புகிற இடத்தில் ஊசி சொன்னபடி நிற்கும் என்று மறுத்துவிட்டார். நாள் முழுக்க அந்த மெஷினின் தடதடப்பு ஷெட்டில் கேட்டுக்கொண்டே இருக்கும். கணவர் குழாயடிக்குப் போகும்போதெல்லாம், "பொண்ணு காலு கழுவப் போவுது, யாராச்சும் மஞ்சா அரைச்சிக் குடுங்க," என்று பச்சையம்மாள் குரல் கொடுப்பார். வாடிக்கைக்காரர்கள் சிரிப்பார்கள். தங்கதுரையும் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு தை மாதத்தோடு கொஞ்சம் மாறிப்போயிருந்தது. முதலில் பெருவிரல் நுனியில் ஒரு மரமரப்பு. பிறகு தரை முழுக்க யாரோ பஞ்சு பரப்பிவைத்த மாதிரி. ஜல்லிக் குவியலின் மேல் ஏறி நின்று பார்த்தார். வெயிலில் கிடந்த தகரத்தின் மேல் பாதத்தை வைத்துப் பார்த்தார். கல் குத்தவில்லை, தகரம் சுடவில்லை. சுகர் இருப்பது ஊருக்கே தெரியும். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி, ஞாபகம் வந்தால் விழுங்குகிறார். கால் செத்துக்கொண்டிருப்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் காலைத் தவிர தன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாததால் சொல்லவில்லை.

வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. லாரியும் டிராக்டரும் முரட்டுப் பெடல்கள். பழகிய கண்ணுக்கே பாதி தெரிந்துவிடும், கை வைத்தால் மீதி தெரியும். காலையில் அந்தக் கரும்பு டிராக்டருக்குச் சொன்னதுகூடக் கால் சொன்னதல்ல. க்ளட்ச் பெடல் இடது பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றதைக் கண் பார்த்துச் சொன்னது. ஆனால் காலைக் கழுவுவது மட்டும் நிற்கவில்லை. முன்னைவிட நிதானமாக, எல்லோரும் பார்க்கும்படி கழுவினார்.

டிராக்டர் போன கொஞ்ச நேரத்தில், கரும்பு லாரிகளுக்கு நடுவே புகுந்து சிவப்பாக ஒன்று வந்து நின்றது. ரோட்டோடு ரோடாகத் தாழ்ந்த, இரண்டே பேர் உட்காரக்கூடிய, கேன்வாஸ் கூரை போட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார். எந்தக் கம்பெனி என்று எழுதினால் அதைப் பற்றி விசாரிக்கவே ஒரு கூட்டம் கிளம்பும், வேண்டாம். பாண்டிச்சேரியை விட்டுப் போன வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் மணலூர்பேட்டை தனசேகரன் என்பவர் ஆசைப்பட்டு வாங்கி, தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருந்த வண்டி. தன் அக்கா மகள் அபிநயா கால்நடை மருத்துவராகி வெள்ளிமலையில் வேலைக்குச் சேர்ந்தபோது சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து கள்ளக்குறிச்சி வீட்டிலிருந்து மலைக்கு அவள் போய்வருவது இதில்தான். பக்கத்து சீட்டில் தடுப்பூசி மருந்துப் பெட்டி, சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

"அண்ணா, ஏத்தத்துல ஆக்சிலேட்டர மிதிச்சா போவ மாட்டேன்னுது," என்றாள் அபிநயா இறங்கியதும். "இன்னும் கொஞ்சம் அழுத்தினா திடீர்னு பாயுது. கால எடுத்தாலும் பெடலு அங்கயே நிக்குது. நேத்து ஒரு வளைவுல பள்ளத்தாண்ட போயி நின்னுது. எதிர்ல ஒருத்தரு ஆட்டுக்குட்டிய தோள்ல போட்டுக்கினு வந்துக்கினு இருந்தாரு. ஒரு மொழம்ணா. அவ்ளோதான்."

"க்ளட்ச்சு?"

"கல்லு. வூட்டுக்குப் போனா முட்டி நோவுது. திங்கக்கெழம மலையில கோமாரி ஊசி முகாம். மாடுங்கள புடிச்சிக் கட்டிக்கினு காலையிலேயே காத்துக்கினு இருப்பாங்க. நீங்க சரியாயிடுச்சின்னு சொன்னா எடுத்துக்கினு போவேன். இல்லன்னா வேற வழி பாக்கணும்."

நீங்க சொன்னா. அந்த வார்த்தையைத் தங்கதுரை வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறார். காதுக்கு இனிப்பாகத்தான் இருந்திருக்கிறது. இன்றைக்கு அது கசந்தது. வழக்கம்போல் கழுவினார், துடைத்தார், சாக்கில் மிதித்து காருக்குள் இறங்கினார். ஏறுகிற வண்டியல்ல அது, இறங்குகிற வண்டி. "அண்டாவுல குந்தினா மாரி இருக்குது," என்று முனகிக்கொண்டே பாதத்தை நீட்டினார். மற்றக் கார்களில் பெடல்கள் மேலிருந்து தொங்கும். இதில் மூன்றும் தரையிலிருந்து முளைத்து நின்றன, சின்னதாக, பக்கத்தில் பக்கத்தில். ஆக்சிலேட்டரின் மேல் பெருவிரலை வைத்து அழுத்தினார்.

ஒன்றும் தெரியவில்லை. லாரிப் பெடல் என்றால் செவிடனுக்கும் கேட்கிற மாதிரி கத்தும். இது ரகசியம் பேசுகிற ஜாதி. பெடல் அசைவதைக் கண்ணால்தான் பார்த்தார். அழுத்தியது தன் கால்தானா என்றே சந்தேகமாக இருந்தது. பின் கழுத்தில் வியர்த்தது. வாயை மட்டும் வழக்கம்போல் மென்றபடி அசைத்துக்கொண்டிருந்தார், பார்ப்பவர்களுக்காக.

"கீலுலதான் இருக்குது சமாச்சாரம். தொறந்துடலாம்," என்றார். திறப்பதற்குக் கால் தேவையில்லை.

அந்த வேலையைப் பார்க்க வேண்டும். கார் சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, தலைகீழாகக் குப்புறப் படுத்து, தோள்வரை உள்ளே நுழைத்துக்கொண்டார். பெடலின் அடியில் கீல் கழலாமல் பூட்டியிருந்த சின்னக் கம்பி ஊசியை, ஸ்பிளிட் பின்னை, இடுக்கியால் நிமிர்த்தி உருவி எறிந்தார். கீலைத் தாங்கியிருந்த கம்பி வர மறுத்தது. அடிக்கவில்லை அவர். டீசலில் நனைத்த துணியைச் சுற்றிவைத்துக் காத்திருந்தார். உளியின் பிடியால் ஒரு தட்டு, மறுபடி காத்திருப்பு. மாட்டுக்குப் பிரசவம் பார்த்துப் பழகிய அபிநயாவே பக்கத்தில் குந்தி, மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கம்பி வழுக்கி வந்தது. அதோடு கூடவே கெட்டியாக ஒரு வில்லையும் உடைந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது.

வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து திருப்பிப் பார்த்தார். மஞ்சள், அதன் மேல் சிவப்புக் கோடு, அதன் மேல் தார் மாதிரி கறுப்பு, மறுபடி மஞ்சள். மூக்கில் வைத்து முகர்ந்தவர் முகம் விநோதமாகிவிட்டது.

"டாக்டரம்மா, இது இன்னா, கோயில் வாசன அடிக்குது."

அபிநயா வாங்கிப் பார்த்தாள். சந்தனம். குங்குமம். ஒரு கணம் யோசித்துவிட்டு போனை எடுத்து அம்மாவுக்குப் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். லட்சுமியம்மாள் கொஞ்சமும் மறைக்கவில்லை.

"ஆமா, நான்தான் வெப்பேன். அமாவாசைக்கு அமாவாசை. அந்த மலையில ஏறி எறங்கற வண்டி, அத காலால மிதிக்கிறியே, அதுகிட்ட ஒரு மன்னிப்பு கேக்க வேணாமா? சந்தனம் வெச்சி, குங்குமம் வெச்சி, கீழ காஞ்சிப்போயிருக்குமேன்னு வெளக்குக்கு ஊத்தற நல்லெண்ணெய ரெண்டு சொட்டு விடுவேன். இன்னா இப்ப?"

ஊரில் எல்லா வண்டிக்கும் பொட்டு வைக்கிறார்கள். மற்ற வண்டிகளில் பெடலுக்கு வைத்தால் காய்ந்து உதிர்ந்துபோகும். இதில் பெடலின் அடிதான் கீல். வைத்ததெல்லாம் வழிந்து அதில் இறங்கி, நல்லெண்ணெய் வெயிலில் பிசினாகி, சந்தனத்தோடு சேர்ந்து சிமெண்டாக இறுகியிருக்கிறது. மகளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று ஒவ்வொரு அமாவாசையும் அந்த அம்மாள் வைத்ததுதான் நேற்று மகளைப் பள்ளத்தின் விளிம்புவரை கொண்டுபோயிருக்கிறது. அபிநயாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மாவிடம் நேற்று நடந்ததைச் சொல்லவும் இல்லை.

தங்கதுரை போனுக்குப் பக்கத்தில் வந்தார். "யம்மா, மன்னிப்பு கேளுங்க, வேணான்னு சொல்லல. ஸ்டீரிங்குல வெச்சிக் கேளுங்க. வண்டிக்கு எங்க வெச்சாலும் கேக்கும்," என்றார். அந்தப் பக்கம் லட்சுமியம்மாள் சரியென்று ஒப்புக்கொண்டார்.

பிறகு மதியம் முழுக்க வேலை. மூன்று கீலையும் பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சந்தனத்தைக் கம்பி நுனியால் சுரண்டி எடுத்தார். தேய்ந்த புஷ்ஷுகளுக்குப் பதில் பித்தளையில் புதிதாக அராவினார்; அராவி, போட்டுப் பார்த்து, கழற்றி, மறுபடி அராவினார். கேபிள்களை உருவித் துடைத்து, உறைக்குள் மெல்லிய எண்ணெயை இறக்கி, ஒடிந்து வளைந்திருந்த இடத்தை நிமிர்த்திக் கட்டினார். ஒரு தடவைகூடக் கை தயங்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நமக்கே, இந்த மனிதனுக்குக் கால் எதற்கு என்று தோன்றிவிடும். பாதி மாயம், பாதி பிடிவாதம். மூன்று பெடல்களும் திரும்பத் தங்கள் இடத்தில் நின்றபோது தான் எடுத்த குறைப்பிரசவக் கன்று பிழைத்துக்கொண்ட மாதிரி அபிநயா பெருமூச்சு விட்டாள்.

ஆனால் வேலையின் கடைசி அங்குலம் மிச்சமிருந்தது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. பெடலின் பாதையில் எங்காவது ஒரு மயிரிழைப் பிடிப்பு மிஞ்சியிருந்தால் தரையில் நிற்கிற வண்டியில் அது தெரியாது. மலையில், வளைவில், ஒரு ஆள் எதிரே வரும்போதுதான் தெரியும். சீட்டை மாட்டிவிட்டு, மறுபடி காலைக் கழுவி, சாக்கில் மிதித்து உள்ளே இறங்கினார் தங்கதுரை. மிதித்தார். பெடல் இறங்கியது, ஏறியது. அழகாகத்தான் ஏறியது. வெறும் பஞ்சு.

"அண்ணா, ஓட்டிக்கினு போலாமா?"

ஆம் என்று சொல்லிவிடலாம். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகத்தான் இருக்கும். இத்தனை வருஷமாக அவர் சொல்லி எந்த வண்டியும் கவிழ்ந்ததில்லை. இல்லை என்று சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதைச் சொல்லிவிட்டால் நாளையிலிருந்து இந்த ரோட்டில் டவுன் பஸ் யாருக்காக நிற்கும்? சரியாயிடுச்சி என்று சொல்ல அவர் வாயெடுத்தார்.

"குங்குமம் இன்னும் போவலியேண்ணா," என்றாள் அபிநயா. ஆக்சிலேட்டர் பெடலின் மேல் சிவப்பாக இருந்தது.

"அத்தினியும் சொரண்டினேனே," என்று குனிந்து விரலால் துடைத்தார். விரலில் ஈரமாக ஒட்டியது. பெடலின் ஓரத்தில் மறுபடி ஒரு சொட்டு விழுந்தது. காலைத் தூக்கினார். காலையில் அவரே உருவி எறிந்த பழைய ஸ்பிளிட் பின் சாக்கின் மடிப்பில் கிடந்திருக்கிறது. அதை மிதித்துத்தான் வண்டிக்குள் இறங்கியிருக்கிறார். பெருவிரலுக்குக் கீழே, செங்கல்லில் உரசி உரசி மெலிந்த தோலில், பாதியளவு இறங்கி நின்றது கம்பி.

தையல் மெஷின் நின்றுபோயிருந்தது. நாள் முழுக்கக் கேட்கிற சத்தம் நின்றால்தான் ஷெட் எவ்வளவு பெரிது என்று தெரிகிறது.

அபிநயா போய் தன் பெட்டியை எடுத்துவந்தாள். அவர் காலைக் கார் கதவின் வழியாக வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடுங்கி, மருந்து ஊற்றினாள். எருமையே உதைக்கிற மருந்து அது. தங்கதுரையின் முகம் அசையவில்லை. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எவ்ளோ நாளாண்ணா?"

"தையிலேருந்து." அந்த ஒரு வார்த்தையை வெளியே தள்ளுவதற்கு அவருக்கு வெகு நேரம் ஆயிற்று. பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இந்தப் பெடலு சரியா இருக்குதான்னு எனக்கு தெரியலம்மா. சரியாத்தான் இருக்கும். ஆனா எனக்கு தெரியல. நீ எடுத்துக்கினு போவாத."

தெரியல என்ற சொல் அந்த ஷெட்டில் அதற்கு முன் கேட்டதில்லை. அதைச் சொன்னவர் சட்டென்று வயதானவராகத் தெரிந்தார். சொன்னாரே என்பதில் எனக்கு இன்றும் வியப்புத்தான். கால் போனதை ஒப்புக்கொள்வது ஒன்று; அந்தக் காலால் கட்டிய பெயரைத் தானே எடுத்து நடு ரோட்டில் வைப்பது வேறு.

பச்சையம்மாள் எழுந்து வந்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று அபிநயா நினைத்தாள்.

"மாசியிலேயே எனக்கு தெரியும்," என்றார் பச்சையம்மாள். "செருப்பு கழண்டதுகூடத் தெரியாம சாணிய மிதிச்சிட்டு அப்பிடியே வூட்டுக்குள்ள வந்து குந்தினீங்க. நெனவே இல்ல. காலுக்குப் பவுடரு போடாத கொறையா பாத்துக்கற மனுசன். நான்தான் தரையத் தொடச்சேன். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

தங்கதுரை கட்டுப் போட்ட காலைக் காருக்குள் இழுத்துக்கொண்டார்.

"எந்திரிங்க. எறங்குங்க அதுலேருந்து," என்று சொல்லிவிட்டு பச்சையம்மாள் குழாயடிக்குப் போனார். சேலையைக் கணுக்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, கணவரின் குளியல் சோப்பை எடுத்துத் தன் வலது காலைக் கழுவினார். விரலிடுக்கைக்கூட விடவில்லை. வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தாழ்ந்த சீட்டில் இறங்கி உட்கார்ந்தார். வண்டி ஓட்டத் தெரியாதவர். ஆனால் கனத்த ரெக்சினில் முனை திருப்பும்போது ஒரு தையல் தாண்டாமல் ஊசியை நிறுத்துகிற கால் அது, அதுவும் நாள் முழுக்க.

"எத மிதிக்கிறது?"

தங்கதுரை நொண்டிக்கொண்டு வந்து, கார்க் கதவின் பக்கத்தில், ரோட்டோரத்து மண்ணில் முட்டி போட்டார். உள்ளே கை நீட்டி மனைவியின் குதிகாலைப் பிடித்து, பெருவிரலை ஆக்சிலேட்டரின் மேல் வைத்தார். கணுக்காலின் பின்னால் நரம்பு ஓடுகிற இடத்தில் தன் விரல்களை விட்டுவைத்தார்.

"மெள்ள. தூங்கற கொழந்தைய எழுப்பாம கால வெக்கறா மாரி."

பச்சையம்மாள் மிதித்தார். பெடல் இறங்கியது.

"இன்னா தெரியுது?"

"நல்லாத்தான் போவுது. வெண்ணெயா போவுது." கொஞ்சம் நிறுத்தினார். "இருங்க. கடசில, அடியாண்ட, மணலு மேல ஏறினா மாரி ஒண்ணு. மெஷினு பெல்ட்டு முடிச்சி சக்கரத்துல ஏறுமே, அந்த மாரி."

"இன்னொரு வாட்டி."

இரண்டாம் முறை மிதித்தபோது தங்கதுரையின் விரலுக்குக் கீழே அந்த நரம்பு ஒரு கணம் தயங்கிப் பிறகு இழுத்தது. அவருக்குத் தெரிந்தது. கையில் தெரிந்தது. அவர் உடம்பு முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடியதை அபிநயா பார்த்தாள். எழுந்து, முன்பக்கம் நொண்டிப் போய், கேபிளின் உறை வளைகிற இடத்திலிருந்த கிளிப்பைத் தளர்த்தி நெல்லளவு நகர்த்தி முடுக்கினார். திரும்பி வந்து முட்டி போட்டு அதே காலை அதே இடத்தில் பிடித்தார்.

"மிதி."

"ஒண்ணுமே தெரியல. தண்ணியில கால வுட்டா மாரி இருக்குது."

"க்ளட்ச்சு."

பச்சையம்மாள் இடது காலையும் கழுவிக்கொண்டு வந்து க்ளட்ச்சை மிதித்தார். பிறகு பிரேக். ஒவ்வொன்றுக்கும் தங்கதுரை காலைப் பிடித்துக்கொண்டு கேட்டார், பச்சையம்மாள் சொன்னார், சில சமயம் சொல்வதற்கு முன்பே அவர் தலையாட்டினார். எதிரே டவுன் பஸ் ஒன்று வந்து நின்றது. ஜன்னல்களில் வரிசையாகத் தலைகள் திரும்பின. பெண்டாட்டி காலைப் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் முட்டி போட்டிருக்கிற ஆள் பெடல்காரரேதான் என்று கண்டக்டர் யாரிடமோ சொல்வது கேட்டது.

"டாக்டரம்மா," என்றார் தங்கதுரை, திரும்பாமல். "திங்கக்கெழம நீ மலைக்குப் போலாம்."

"வுடுங்க கால," என்றார் பச்சையம்மாள் கூச்சத்தோடு. "பஸ்ஸுல ஜனம் பாக்குது."

தங்கதுரை காலை விட்டார். விட்ட கைகள் இரண்டையும் எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.